முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் ஒரு காட்சி

“சார், இந்த நாடகத்துல அம்பத்து மூணு சீன காணோம்,” என்றாள் சின்னப்பொண்ணு.

நான் ஸ்கூட்டரை ஒரகடம் கூட்ரோட்டுக்குப் பக்கத்தில் இருந்த கல்யாண மண்டபத்து நிழலில் நிறுத்திக்கொண்டிருந்தேன். அவள் பின்சீட்டிலிருந்து இறங்காமலே கையிலிருந்த தாள்கட்டைப் புரட்டினாள்.

“பத்தாவது சீன்ல ஆரம்பிக்குது. அப்பால இருபது, முப்பது, முப்பத்தஞ்சு, நாப்பது, அம்பது, அறுபது. ஏழே ஏழு சீன். மிச்சத்த எலி துன்னுட்சா?”

“நவீன நாடகம். அப்படித்தான் இருக்கும்.”

“இன்னா நவீனமோ. நேத்து ஒரு அம்மா நாப்பது நிமிஷம் வாயே தொறக்காம சட்டைக்கு இஸ்திரி போட்டாங்க, மண்டபமே எழுந்து கை தட்டுச்சு. நான் இருபது வருஷமா வூட்ல போட்டுக்கினு கீறேன், ஒரு நாய் திரும்பிப் பாக்கல.”

சின்னப்பொண்ணுக்கு நாற்பத்தாறு வயது. பதினான்கு வருடம் தொழிற்சாலை கேன்டீன்களில் பரிமாறிவிட்டு, எனக்கு உதவியாளராக வந்து சேர்ந்தவள். நான் வரதராஜுலு. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் ‘வரதராஜுலு துப்பறியும் நிலையம்’ என்று போர்டு மாட்டிப் பதினொரு வருடமாகிறது. கொலை, கொள்ளை என்று ஒருத்தரும் படியேறி வந்ததில்லை. மாப்பிள்ளை கம்பெனியில் பர்மனெண்டா, கான்ட்ராக்டா என்று விசாரித்துச் சொல்வதுதான் முக்கால்வாசிப் பிழைப்பு. அதனால், வியாழக்கிழமை கோவிந்த் என்ற ஒருவர் வந்து உட்கார்ந்து, “ஒரு எழுத்தாளரைக் கண்டுபிடிக்கணும் சார்” என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கோவிந்த் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஏதோ கலை அறக்கட்டளை என்றார். ஒரகடத்தில் மூன்று நாள் புதுநாடக விழா நடக்கிறது. கடைசி நாளான சனிக்கிழமை ‘ரெண்டு பட்டன்’ என்று ஒரு நாடகம். எழுதியவர் பெயரே இல்லாமல் வந்திருக்கிறது. தங்கள் விருது அதற்குத்தான்.

“மேடையில திடீர்னு கூப்பிட்டு சால்வை போத்தணும். அதுதான் அழகு. விழாக்காரங்களுக்குக்கூட தெரியக் கூடாது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள யார்னு உங்க லெட்டர்ஹெட்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க.”

நாடகப் பிரதி ஒன்றையும் என்னிடம் கொடுத்தார். இதோ சனிக்கிழமை காலை ஒன்பதாகிவிட்டது. இரண்டு நாள் அலைந்ததில் நான் கண்டுபிடித்தது, புதுநாடகம் பார்க்க முதுகு வலுவாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். முதல் நாளே பார்வையாளர்களை வெயிலில் வரிசையில் நிறுத்தி, பையைச் சோதித்து, போனைப் பிடுங்கி, அரை மணி கழித்து உள்ளே விட்டு, நாடகம் முடிந்துவிட்டது, போகலாம் என்றார்கள். வரிசையில் நின்றதுதான் நாடகமாம். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு கவுன்சிலர் மட்டும் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டுவிட்டுப் போனார்.

பிரதியை ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போனோம். விருது ரகசியமாயிற்றே.

மேடையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஒன்று, அட்டையில் செய்தது. அதன் முன்னால் ஒரு நடிகை, கையில் ஸ்டாப்வாட்சோடு, அழுகிற நிலையில் நின்றாள்.

“ஜனா சார், இத கொஞ்சம் கேளுங்க. ‘தகட்டை எடுக்கிறாள், இரண்டு விநாடி. திரும்புகிறாள், ஒரு விநாடி. வைக்கிறாள், மூன்று விநாடி. அழுகிறாள், நாலு விநாடி.’ நாலு விநாடில எப்படி சார் அழறது? ஆரம்பிக்கவே அஞ்சு விநாடி ஆவுது.”

ஜனார்தன் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் வாலாஜாபாத்தில் வங்கி எழுத்தர். வருஷத்துக்கு ஒரு தடவை லீவு போட்டு இந்த விழாவை நடத்துகிறவர். நான் நாடகப் பிரியன் என்று சொல்லிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எழுதினவரையே கேட்டுட்டா என்ன?”

“யார்னு தெரிஞ்சாத்தானே கேக்க. தபால்ல மூணு காப்பி வந்துச்சு, அனுப்பினவங்க பேரே இல்ல. ஒண்ணு மொத வாரமே ஒத்திகை ரூம்லேர்ந்து காணாமப் போச்சு. மிச்சம் ரெண்ட வெச்சு ஓட்டிக்கிட்டிருக்கோம். பேர் போடாதவங்களுக்கு ஒரு காரணம் இருக்கும் சார். அத நான் தோண்டமாட்டேன்.”

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நான் நடிகையின் ஸ்டாப்வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே டீக்கடையில் சின்னப்பொண்ணு இரண்டு நிமிஷம் பேசாமல் இருந்தாள். அவள் விஷயத்தில் அது பெரிய சம்பவம்.

“உடம்பு சரியில்லையா?” என்றேன்.

“சார், இத எழுதினது நாடகக்காரங்களே இல்ல.”

“பின்னே?”

“கம்பெனி லைன்ல ஒவ்வொரு மிஷினுக்கு எதுத்தாப்லயும் ஒரு பேப்பர் தொங்கும். இன்னா வேல, எப்டி செய்யணும், எத்தினி செகண்டுன்னு. டீ குடுக்கப் போறப்பல்லாம் பாத்துக்கினுதான் இருப்பேன். அதுல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் வராது சார். பத்து, இருபது, முப்பதுன்னுதான் வரும்.”

“ஏன்?”

“நாளைக்கு நடுவுல ஒரு வேல சேக்கணும்னா பதினஞ்சுன்னு சொருகிடலாம்ல? மத்த நம்பர கலைக்கவேணாம்.”

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். “அப்போ முப்பத்தஞ்சு?”

“எல்லாம் எழுதி முடிச்சுட்டு, அப்பால சொருகினது.”

ஓடிப்போய் ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து பிரதியை எடுத்து வந்தேன். நாடகத்தின் கதை இதுதான்: அந்த பிரஸ்ஸுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மிஷின் இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் மிஷினுக்கு அடியில் எந்தக் கையும் இருக்காது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. முப்பதாம் காட்சியில் வலது பட்டனை ஒரு கிளிப்பால் நிரந்தரமாக அழுத்தி வைத்துவிடுகிறார்கள். இடது கை பட்டனில், வலது கை தகட்டில். பதினைந்து விநாடி வேலை பதினோரு விநாடியில் முடிகிறது. நாற்பதாம் காட்சியில் ஒரு பெண்ணின் விரல்கள் போகின்றன.

நடுவில் சொருகிய முப்பத்தைந்தில் ஒரு பெண் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ‘கிளிப் போடவும்’ என்று, மிஷினுக்கு எதிரே தொங்கும் அந்தத் தாளைத் தட்டச்சு செய்கிறாள். பிறகு எழுந்து பார்வையாளர்களைப் பார்த்து, ‘அந்தத் தாளை நான்தான் எழுதினேன்’ என்கிறாள்.

“பிடித்துவிட்டோம்,” என்றேன். “அந்த விபத்து எதுன்னு இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும்.”

நாற்பது நாளைக்கு முன்னால், மண்ணூர் பக்கத்து பிரஸ் ஷாப் ஒன்றில், வாலாஜாபாத்திலிருந்து வேலைக்கு வரும் மஹாலட்சுமி என்ற கான்ட்ராக்ட் பெண்ணுக்கு வலது கையில் நாலு விரல் போயிருந்தது. சின்னப்பொண்ணு அந்தக் கம்பெனி கேன்டீனில் இருக்கிற தன் சிநேகிதிக்குப் போன் போட்டாள். ஐந்து நிமிஷம் குழம்பு, குழந்தை, மூட்டுவலி எல்லாம் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

“அந்தத் தாள் எழுதற ரூம்ல மூணு பேரு சார். ஒருத்தர் புனே, ஒருத்தர் ஒடிசா. தமிழ்ல எழுதறது ஒரே ஒரு பொண்ணு. பேரு கோதா. நம்ம ஸ்ரீபெரும்புதூர்தான், கோயில் தெருவுல வூடு.”

டீக்கடை பெஞ்சிலேயே அறிக்கையை எழுதினேன். காட்சி எண்கள், விநாடிக் கணக்கு, பின்னால் சொருகிய காட்சி, முடிவாகக் கோதா என்ற பெயர். பதினொரு வருடத்தில் நான் எழுதியதிலேயே அழகான அறிக்கை அது. பதினொன்றரைக்குக் கோவிந்த் காரில் வந்தார். நின்றபடியே படித்தார். கையெழுத்தை இன்னொரு தரம் பார்த்தார்.

“பிரமாதம் சார். பிரதிய நீங்களே வெச்சுக்கங்க, நான் ஜெராக்ஸ் எடுத்துட்டேன்.”

அவர் அறிக்கையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். சின்னப்பொண்ணு அந்தக் கார் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஸ்ரீபெரும்புதூர் பொண்ணுக்கு சால்வ போத்த, வாலாஜாபாத் ரோட்ல போறாரே சார்?”

“காஞ்சிபுரத்தில் பட்டுச் சால்வை வாங்கப் போறாரோ என்னவோ. எல்லாத்திலயும் சந்தேகப்படாதே.”

துப்பறிகிறவன் சொல்லக் கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால் அது அதுதான். ஆனால் நான் அன்று சந்தோஷமாக இருந்தேன். கண்டுபிடித்த ஆளை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. சால்வை ரகசியத்தை உடைக்காமல் ஒரு வாழ்த்து மட்டும் சொல்லிவிட்டு வரலாம் என்று ஸ்கூட்டரை எடுத்தேன்.

கோதாவுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். அப்பா ஸௌந்தரராஜன், கோயில் கைங்கர்யத்துக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தவள் என்னைப் பார்க்கவில்லை. சின்னப்பொண்ணு கையிலிருந்த தாள்கட்டைப் பார்த்தாள்.

“இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?”

“விழாக்குழு ஒரு அறக்கட்டளைக்குக் குடுத்தது, அவங்க...” என்று ஆரம்பித்தேன்.

“நான் மூணு காப்பிதான் அனுப்பினேன். ரெண்டு அவங்க கையில இருக்கணும். ஒண்ணு திருடு போயிடுச்சுன்னு, ஒத்திகைய வேடிக்கை பாக்கப் போனப்ப கேள்விப்பட்டேன்.”

காலையில் ஜனார்தன் என் காதருகே சொன்னதைத்தான் இவள் சொல்கிறாள். திருடு போன பிரதியை ஸ்கூட்டர் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, நான் பிரதி காணாமல் போன கதையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

விருதையும் நான் எழுதிக் கொடுத்த அறிக்கையையும் அவளிடம் சொல்லிவிட்டு, ஜனார்தனுக்குப் போன் போட்டேன். “விருதா?” என்றார் அவர். “நம்ம விழாவுல ஏது சார் விருது? மைக்செட்காரருக்கு ஒரு துண்டு போத்தறதோட சரி.” அடுத்து கோவிந்துக்குப் போட்டேன். சுவிட்ச் ஆஃப்.

“வெள்ளைச் சட்டையா?” என்று கேட்டாள் கோதா. “காலர் பட்டன் வரைக்கும் போட்டிருப்பாரா? பேரு கோவிந்த்?”

“ஆமாம்.”

“எங்க ஹெச்.ஆர். மேனேஜர்.”

“பேரக்கூட மாத்திக்கல சார் அந்த ஆளு,” என்றாள் சின்னப்பொண்ணு. “நம்மள அவ்ளோ மதிச்சிகீறாரு.”

யாரும் சிரிக்கவில்லை. அவளுமே சிரிக்கவில்லை. கோதா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தபடியே தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“திங்கக்கிழமை தொழிலாளர் அதிகாரி விசாரணை இருக்கு. மஹாலட்சுமி அக்கா அஜாக்கிரதையா கைய விட்டுட்டாங்கன்னு கம்பெனி சொல்லுது. கிளிப் போடச் சொன்னது எங்க பிளான்ட் மேனேஜர். வாயால சொன்னார், எழுத்துல இல்ல. லைன்ல தொங்கறதுல பேர் இருக்காது, ஆபீஸ் ஃபைல்ல இருக்கற தாள்ல தயாரித்தவர்ங்கிற கட்டத்துல என் பேர் இருக்கு. ஒப்புதல்ங்கிற கட்டம் காலி. அத நானே போய் சொல்லப்போறேன்னு யாருக்கும் தெரியாது. அக்கா பக்கத்துக்கு சாட்சின்னு இருந்தது நான் ஒருத்திதான்.”

“இப்பவும் போய்ச் சொல்லலாமே, அம்மா.”

“பேர் இல்லாத வரைக்கும் அது நாடகம் சார். என் பேரப் போட்டா அது வாக்குமூலம். ‘நான்தான் எழுதினேன்’னு நானே எழுதிக் குடுத்தாச்சு. நீங்க அதுக்கு ருசுவும் குடுத்துட்டீங்க. இனிமே நான் எதச் சொன்னாலும், மாட்டினதும் மேனேஜர் மேல பழி போடறான்னுதான் சொல்லுவாங்க.”

“என் அறிக்கை தப்புன்னு இன்னொரு கடிதம் எழுதித் தர்றேன்.”

“தப்பில்லையே சார். சரியாத்தானே கண்டுபிடிச்சிருக்கீங்க.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“ஏம்மா, அந்த சீன எதுக்கு சொருகின?” என்று கேட்டாள் சின்னப்பொண்ணு. “அது இல்லாங்காட்டி கதையே வேறல்ல?”

“மஹாலட்சுமி அக்காவுக்கு அந்தத் தாள எழுதினது யாருன்னு தெரியாது. நேர்ல சொல்ல எனக்கு தைரியம் வரல. இன்னிக்கு நாடகத்துக்கு அவங்க வர்றாங்க, ஜனார்தன் சார் சொல்லி அனுப்பியிருக்கார். பாத்து முடிச்சதும் கிட்டப் போய் நான்தான்க்கான்னு சொல்லிடலாம்னு...”

சின்னப்பொண்ணு சட்டென்று என் பக்கம் திரும்பினாள். “சார். அந்த ஆளு வாலாஜாபாத் ரோட்லதான போனாரு.”

மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. கோதா மஹாலட்சுமியின் நம்பருக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நாங்கள் ஸ்கூட்டரிலும் அவள் தன் வண்டியிலுமாகக் கிளம்பினோம். ஒரகடம் தாண்டுவதற்குள் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அந்த வரிசையில் புகுந்து வெளியே வரவே முக்கால் மணி ஆயிற்று. நான் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தேன். லாரிக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாலாஜாபாத்தில் மஹாலட்சுமி வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தாள்.

“கம்பெனிலேர்ந்து கார் வந்துச்சு. ஒரு மணி நேரம் பேசிக்கினு இருந்தாரு. என்னமோ பேப்பர்ல எழுதி வாங்கிக்கினு போனாரு. மஹாலட்சுமி டிராமா பாக்கணும்னு அப்பவே பஸ் ஏறிடுச்சே.”

“என்ன பேப்பர்ம்மா?”

“எனக்கு இன்னா தெரியும்? அது அழுதுக்கினே போச்சு.”

திரும்பி மண்டபத்துக்கு வரும்போது ஐந்தரை. நாடகம் ஆரம்பித்திருந்தது. உள்ளே நானூறு பேராவது இருப்பார்கள். பாதிப் பேர் யூனிபார்மோடு வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண், வலது கையைப் புடவைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மஹாலட்சுமி அவள்தான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோதா வாசல் தூணைத் தாண்டி ஓர் அடி உள்ளே வைக்கவில்லை.

நான் ஜனார்தனை ஓரமாக இழுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

“முப்பத்தஞ்ச வெட்டிடலாமா?” என்று கோதாவைக் கேட்டார். “அடுத்த சீன் அதுதான். லைட்ட அணைச்சா அப்படியே நாப்பதுக்குப் போயிடலாம்.”

“வேணாம் சார். ஓடட்டும்,” என்றாள் அவள். “இனிமே மறைச்சு என்ன ஆவப்போவுது.”

மேடையில் கம்ப்யூட்டர் முன் நடிகை உட்கார்ந்தாள். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல்.

‘வலது பட்டன்ல கிளிப் போடச் சொல்லி எழுது.’

‘சார், கை போயிடும் சார்.’

‘நாலு விநாடி மிச்சமாகும். நீ எழுது. ஒப்புதல் நான் அப்புறம் போட்டுக்கறேன்.’

‘எழுத்துல குடுத்துடுங்க சார்.’

‘உனக்கு வேலை வேணுமா, வேணாமா?’

நடிகை தட்டச்சு செய்தாள். பிறகு எழுந்து நின்றாள். அந்தத் தாளை நான்தான் எழுதினேன் என்று அவள் சொன்னபோது, முன்வரிசையில் மஹாலட்சுமி எழுந்துவிட்டாள். மேடையைப் பார்க்கவில்லை. திரும்பி, கூட்டத்துக்குள் யாரையோ தேடினாள். தூணோரம் கோதாவைக் கண்டதும் நடுப்பாதையில் நடந்து வந்தாள். அறைந்துவிடுவாளோ என்று நான் ஒரு எட்டு முன்னால் போனேன். சின்னப்பொண்ணு என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

மஹாலட்சுமி கோதாவின் எதிரே வந்து நின்றாள்.

“எனக்கு இந்த சீனோட மொதப் பக்கத்த காட்டல மேடம்,” என்றாள். “நான்தான் எழுதினேன்ற பக்கத்த மட்டும்தான் காட்டினாரு. மேனேஜர் பேசறது அதுல இல்ல. நீங்க வேணாம்னு சொன்னது அதுல இல்ல.”

“அக்கா, நான் எழுதியிருக்கக் கூடாதுக்கா.”

“துப்பறியறவரே கையெழுத்து போட்டுக் குடுத்துகீறாரு, இந்தப் பொண்ணாலதான் உன் கை போச்சுன்னாரு. கம்பெனி மேல ஒண்ணுமில்ல, எல்லாம் உங்க மேலதான்னு எழுதி வெச்சுக்கினே வந்தாரு. எனக்கு வயிறு எரிஞ்சிடுச்சு மேடம். போட்டுட்டேன்.”

கோதா தலையை ஆட்டினாள். அழவில்லை. மஹாலட்சுமியின் தோளில் கை வைக்கப் போனவள் பாதியில் கையை இறக்கிக்கொண்டாள்.

மஹாலட்சுமி என்னைப் பார்த்தாள். யார் என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“நீங்கதானா சார் அது? அந்தப் பேப்பர திருப்பி வாங்கித் தர முடியுமா?”

“பார்க்கலாம்மா,” என்றேன். வாங்க முடியாது என்று எனக்குத் தெரியும். கோவிந்தின் நம்பர் இன்னும் அணைந்தேதான் இருந்தது. சின்னப்பொண்ணு ஏதாவது சொல்ல மாட்டாளா என்று திரும்பினேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வலது கை போனதுலேர்ந்து இடது கையால எழுதிப் பழகிக்கினு இருந்தேன் சார்,” என்றாள் மஹாலட்சுமி. “நாப்பது நாளா, பையன் நோட்ல. நான் இடது கையால போட்ட மொதக் கையெழுத்து சார் அது.”